பிடி

காற்றாலைக் கம்பெனி சேலாந்துறைக்கு வந்து ஆள் எடுத்தபோது முதலில் பெயர் கொடுத்தவன் பர்னபாசு. இரண்டாவதாகக் கொடுத்தவன் அவன் தங்கை கித்தேரியின் புருஷன் சந்தியாகு. இரண்டு பேரும் ஒரே வயது, ஒரே வள்ளத்தில் சங்கு குளிக்கப் போனவர்கள். பர்னபாசு ஒரு முங்கலில் மூன்றரை நிமிடம் கடலடியில் கிடப்பான். சந்தியாகுவுக்கு இரண்டரை நிமிடம்தான். இது ஊருக்கே தெரியும். சந்தியாகுவே சிரித்துக்கொண்டு சொல்லுவான்.

கடலுக்குள் இருபது மீட்டர் ஆழத்தில் நட்டிருந்த காற்றாலைத் தூண்களின் அடியைச் சுரண்டிப் பார்த்து, விரிசல் இருந்தால் சொல்ல வேண்டும். அதுதான் வேலை. சிலிண்டர் கட்டி இறங்குபவன் பாதி வழியில் நின்று நின்றுதான் மேலே வர வேண்டும். அவனை ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் இறக்க முடியாது. ஒரே மூச்சில் இறங்கி ஏறுகிறவனுக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆனால் இரண்டரை நிமிடமும் மூன்றரை நிமிடமும் அந்த வேலைக்குப் போதாது. அதற்காகத்தான் ஊசி.

கோயிலுக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் டாக்டர் உமையாள் வந்து விளக்கம் சொன்னார். காரைக்குடிப் பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மேடையில் ஏறாமல் ஆட்களுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசினார்.

"நாம இழுக்குற மூச்சு ரத்தத்துல ஏறிப் போகுது. ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபினை ஒரு லாரின்னு வச்சுக்கங்க. நுரையீரல்ல ஆக்சிஜனை ஏத்தும், தேவைப்பட்ட இடத்துல இறக்கிட்டுப் போயிட்டே இருக்கும். சதைக்குள்ள மயோகுளோபின்னு இன்னொண்ணு இருக்கு. அது குடோன். லாரியைவிட அதுக்குப் பிடி ஜாஸ்தி. லாரி கொண்டுவந்ததை வாங்கி உள்ள வச்சுக்கும், லேசுல விடாது. சதைக்கு ஆக்சிஜன் தீரப்போகுதுன்னு ஆகும்போதுதான் கதவைத் திறக்கும்."

மனிதனுக்கு அந்தக் குடோன் சின்னது என்றும், திமிங்கிலத்துக்கும் கடல்நாய்க்கும் அது பத்து மடங்குக்கு மேல் பெரிது என்றும், அவற்றின் இறைச்சி கறுத்துக் கிடப்பது அதனால்தான் என்றும் சொன்னார். வெறுமனே அளவைக் கூட்டினால் சதைக்குள் கட்டி தட்டிப்போகும். திமிங்கிலத்தின் மயோகுளோபின் ஒன்றையொன்று ஒட்டவிடாமல் விலக்கிக்கொள்ளும் ஜாதி. அந்த ஜாதியைத் தயாரிக்கும்படி மனிதச் சதைக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் இந்த ஊசி. ஆள் கறுத்துப்போவானா என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். வெளியே ஒன்றும் தெரியாது என்றார் டாக்டர்.

அடுத்த வாரம் துறைமுகத்தை ஒட்டிய கம்பெனி ஆஸ்பத்திரியில் எல்லாரையும் ஸ்கேன் செய்தார்கள். பர்னபாசுக்கு ஒரு தாள் வந்தது. பிறவியிலேயே ஒரு சிறுநீரகம்தான், தகுதியில்லை. முப்பத்திரண்டு வயது வரைக்கும் அவனுக்கே தெரியாத விஷயம் அது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வீட்டில் கேட்டவர்களிடம், ஊசி போட்டுக்கொள்ள மனசில்லை, விலகிவிட்டேன் என்றான்.

சந்தியாகுவுக்கு ஏழு மாதத்தில் இருபத்தொரு ஊசி போட்டார்கள். தொடை, கெண்டைக்கால், முதுகு, தோள் என்று ஒவ்வொரு இடமாக. கடைசி ஊசிக்கு அடுத்த மாதம் அவன் தூணடியில் நாற்பத்தொரு நிமிடம் இருந்துவிட்டு வந்தான். படகில் ஏறி உட்கார்ந்து, பசிக்கிறது என்று சொன்னானாம்.

அதற்குப் பிறகு ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். ஊசிக்காரர்கள் என்னென்ன செய்யக்கூடாது என்பது அதில் இருந்தது. மோட்டார் சைக்கிள் ஓட்டக்கூடாது. மரம் ஏறக்கூடாது. அடிபடும் விளையாட்டு எதுவும் கூடாது. உடம்பு பிடித்துவிடச் சொல்லக்கூடாது. சதை நசுங்கினால் ஆபத்து என்று மட்டும் போட்டிருந்தது. என்ன ஆபத்து என்பது பத்தொன்பதாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. அதைச் சேலாந்துறையில் எத்தனை பேர் படித்தார்கள் என்று சொல்ல முடியாது. பர்னபாசு படிக்கவில்லை, அவனுக்குப் புத்தகமே கிடையாது.

ஊரில் பதினாலு பேர் ஊசிக்காரர்கள் ஆனார்கள். மெல்ல மெல்ல அவர்களைச் சுற்றி ஒரு இடைவெளி உண்டாயிற்று. பஸ்ஸில் ஏறினால் இடிக்காமல் விலகி நின்றார்கள். மீன் ஏலத்தில் வாய்ச்சண்டை வந்தால் எதிராளி கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். ஊசிக்காரர்களில் ரொமால்டு என்று ஒருவன் இருந்தான். அவன் நியாயம் இல்லாத இடத்திலும் நெஞ்சைக் காட்டி, தொட்டுப் பாரு என்பான். யார் தொடுவார்கள்? செத்துவைத்தால் ஜெயிலுக்குப் போவது யார்?

சந்தியாகு அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் அவன் வீட்டிலும் அந்த இடைவெளி வந்துவிட்டது. மகள் அமலி, ஐந்து வயது, ஓடிவந்து அப்பா மேல் தாவுகிற பிள்ளை. கித்தேரி அதட்டி அதட்டி அந்தப் பழக்கத்தை நிறுத்தினாள். ராத்திரியில் தூக்கத்தில் கால் பட்டுவிடும் என்று தனக்கும் பிள்ளைக்கும் தனிப் பாய் போட்டுக்கொண்டாள். சந்தியாகு ஒரு தடவை பர்னபாசிடம் மட்டும், "வீட்டுல என்னைக் கண்ணாடிச் சாமான் மாதிரி வச்சிருக்காவ மச்சான்" என்றான். பர்னபாசு சிரித்துவைத்தான். மூன்று வருடம் இப்படிப் போயிற்று.

நான்காம் வருடம் கோயில் திருவிழா முடிந்து, கொடி இறக்கிய மறுநாள் சாயங்காலம், வழக்கம்போல் வடக்குத் தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் கபடி. வெளியூர்ப் போட்டிகளில் இப்போது முப்பது நொடிக் கணக்கு. சேலாந்துறையில் மட்டும் பழைய முறை. மூச்சு இருக்கிறவரை பாடலாம், பாட்டு அறுந்தால் அவுட். வடக்குத் தெருவுக்குப் பர்னபாசு கேப்டன். நடுவர் பள்ளிக்கூட பி.டி. மாஸ்டர்.

ஆட்டம் பாதியில் தெற்குத் தெருக்காரன் ஒருவனுக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. மாற்று ஆள் இல்லை. அப்போதுதான் சந்தியாகு சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு உள்ளே வந்தான். நாலு பேர் வேண்டாம் என்றார்கள். மாஸ்டரும் சொல்லிப் பார்த்தார். என்னை ஒருத்தரும் பிடிக்க வேண்டாம், சும்மா ஒரு பாட்டுப் பாடிவிட்டு வருகிறேன் என்றான் சந்தியாகு. கித்தேரி கூட்டத்தில் இல்லை, வீட்டில் விருந்தாட்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தாள்.

கோட்டைத் தாண்டி வந்தான். வடக்குத் தெருவின் ஏழு பேரும் பின்கோடு வரைக்கும் ஒதுங்கினார்கள். அவன் அவசரப்படவில்லை. காற்றை நூல் நூலாக விட்டு, உதட்டுக்குள்ளேயே கபடி, கபடி என்று முனகிக்கொண்டு நடந்தான். பாட்டு அறுகிறதா என்று கேட்க மாஸ்டர் அவன் கூடவே குனிந்து நடந்தார். மூலையில் நின்ற ஒருவனைத் தொட்டான். இன்னொருவனைத் தொட்டான். திரும்பிப் போனால் இரண்டு புள்ளி. அவன் திரும்பவில்லை.

ஒரு நிமிடம் ஆயிற்று. கூட்டம் கைதட்டிச் சிரித்தது. ஒன்றரை நிமிடத்தில் சிரிப்பு குறைந்தது. ஏழு பேரும் என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சந்தியாகு நேராகப் பர்னபாசுக்கு முன்னால் வந்து, இரண்டு முழ தூரத்தில் நின்று, அவன் முகத்தைப் பார்த்துப் பாடினான். அவன் கண்ணில் சிரிப்பு இருந்தது.

பர்னபாசு பாய்ந்து கணுக்காலைப் பிடித்தான். கேப்டன் இறங்கியதைப் பார்த்ததும் மற்றவர்களுக்கு யோசனை போய்விட்டது. ஒருவன் தொடையைக் கட்டினான், இரண்டு பேர் இடுப்பில் விழுந்தார்கள், ஒருவன் முதுகில். சந்தியாகு மண்ணில் சாய்ந்து, நடுக்கோட்டைப் பார்த்து இழுத்தான்.

எந்தக் கபடியிலும் இது ஐந்தாறு நொடியில் முடிந்துவிடும். பிடிபட்டவனின் பாட்டு அறும், பிடித்தவர்கள் எழுந்துவிடுவார்கள். சந்தியாகுவின் பாட்டு அறவில்லை. பாட்டு அறாதவரை பிடியை விடக்கூடாது என்பது ஆட்டத்தின் விதி, அந்த விதி அவர்களின் கைகளுக்குப் பழக்கம். ஐந்து பேர் பாரத்தையும் இழுத்துக்கொண்டு அவன் அங்குலம் அங்குலமாக நகர்ந்தான். அவன் கெண்டைக்கால் கல் மாதிரி இறுகியிருந்ததைப் பர்னபாசு தன் கன்னத்தால் உணர்ந்தான். நடுக்கோட்டுக்கு ஒரு முழம் இருக்கும்போது மாஸ்டர் பயந்துபோய் விசிலை ஊதி ஆட்டத்தையே நிறுத்தினார். பிடித்ததிலிருந்து ஒரு நிமிடம் ஐம்பது நொடி என்று பிறகு சொன்னார்கள்.

சந்தியாகு எழுந்து மண்ணைத் தட்டினான். மூச்சுகூட வாங்கவில்லை. "நல்ல பிடி மச்சான்" என்றான். நடந்தே வீட்டுக்குப் போனான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கித்தேரி போன் செய்தாள். தொடை இரண்டும் வீங்கி மரக்கட்டையாக இருக்கிறது, ஒன்றுக்குப் போனால் பால் விடாத காப்பி நிறத்தில் போகிறது, வாடகைக் கார் பிடித்துக்கொண்டு வா என்றாள். ஏன், எதனால் என்று அவள் கேட்கவில்லை. அதற்குள் யாரோ சொல்லியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உமையாள் உடனே இரத்தத்தைச் சுத்தம் செய்ய ஆரம்பித்துவிட்டார். பத்து மணிக்கு வெளியே வந்து, அண்ணனையும் தங்கையையும் தன் அறையில் உட்காரவைத்தார்.

சதை நசுங்கினால் அதற்குள் இருக்கும் மயோகுளோபின் கசிந்து இரத்தத்தில் கலக்கும் என்றார். எல்லாருக்கும் நடப்பதுதான். நமக்கு இருப்பது கொஞ்சம், அதை மூத்திரத்தில் தள்ளிவிடுவோம். சந்தியாகுவிடம் இருப்பது பதினைந்து மடங்கு. அவ்வளவும் ஒரேயடியாக வந்து சிறுநீரகத்தின் சல்லடைகளை அடைத்துவிட்டது. ஊர் ஆஸ்பத்திரிகளில் இருக்கும் டயாலிசிஸ் மிஷினில் துளை சின்னது, இந்தச் சரக்கு அதில் இறங்காது. துளை பெரிய வடிகட்டி இந்தப் பக்கத்தில் கம்பெனியிடம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டே மிஷின். தினமும் ஆறு மணி நேரம், குறைந்தது மூன்று வாரம் கழுவினால் பிழைப்பான்.

கித்தேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். பர்னபாசு மேஜை விளிம்பைப் பார்த்தபடி இருந்தான்.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றான். "ஊசி போடுதது சதையில. அப்போ என் கிட்னியை எதுக்குப் பாத்திய?"

கித்தேரி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அந்தத் தாளைப் பற்றித் தெரியாது.

டாக்டர், மனிதர்களுக்கு முன்னால் ஆடுகளுக்கு அந்த ஊசியைப் போட்டுப் பார்த்ததாகச் சொன்னார். ஊசி போட்ட ஆடுகள் நன்றாகத்தான் இருந்தன. ஒரு நாள் வேறு இடத்துக்குக் கொண்டுபோக லாரியில் ஏற்றும்போது பலகை சாய்ந்து, ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. எலும்பு ஒன்றும் முறியவில்லை. மூன்று நாளில் ஏழு ஆடு செத்தன. அதிலிருந்துதான் இரண்டு சிறுநீரகமும் சரியாக இருப்பவர்களை மட்டும் எடுத்தார்கள்.

"எங்க ஆளுக கிட்ட ஆட்டைப் பத்திச் சொன்னியளா?"

"பத்தொன்பதாம் பக்கத்துல இருக்கு" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு மேஜையில் கிடந்த பேனாவை எடுத்து மூடி போட்டார்.

பதினோரு மணிக்குக் கம்பெனியின் சட்ட அதிகாரி ரகுபதி வந்தார். மரியாதையான மனிதர். தண்ணீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். ஒப்பந்தத்தில் இரண்டு விஷயம் இருப்பதாகச் சொன்னார். ஊசிக்காரர் தடை செய்த விளையாட்டில் தானாகக் கலந்துகொண்டு அடிபட்டால், ஒப்பந்தம் அன்றோடு முடிந்துபோகும், கம்பெனி ஆஸ்பத்திரியில் இடமும் கிடையாது. இன்னொருவர் அவரைத் தாக்கி அடிபட்டால் அது விபத்துக்குச் சமம், கடைசிவரை கம்பெனி பார்க்கும்.

"இன்னிக்கு நடக்கிறது அவசர சிகிச்சை, அதை நாங்க நிறுத்த மாட்டோம்" என்றார். "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு அடுத்த தடவை. அதுக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு ஃபைல்ல ஒண்ணு எழுதியாகணும். நேத்து அங்க நடந்தது விளையாட்டா, சண்டையா? நான் அங்க இல்லை. நீங்க சொல்றதுதான்."

சண்டை என்றால் போலீஸில் புகார் பதிவாகி, அதன் நகல் தனக்கு வர வேண்டும் என்றும் சொன்னார். அதட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. அவர் வேலை அது. எழுந்து போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார்.

கித்தேரி முதலில் அழுதாள். பிறகு, ஆட்டைப் பற்றிப் பத்திரிகைக்காரர்களிடம் சொல்லலாம் என்றாள். பர்னபாசுக்கும் அந்த யோசனை வந்திருந்தது. சொல்லலாம். விசாரணை வைப்பார்கள், அது ஒரு வருடம் ஓடும். மிஷின் நாளைக்குக் காலை பத்து மணிக்கு வேண்டும். மதுரைக்கோ சென்னைக்கோ கொண்டுபோகலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு வந்தான். அங்கே அந்த வடிகட்டி வரவழைக்க ஐந்து நாளாவது ஆகும் என்று சொல்லிவிட்டார்.

"என் வாயால உன்னைப் போகச் சொல்ல மாட்டேண்ணே" என்றாள் கித்தேரி.

"நீ சொல்ல வேண்டாம்" என்றான் பர்னபாசு.

சாயங்காலம் நாலு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனான். போகும் வழியெல்லாம், சண்டைக்கு ஒரு காரணம் கற்பனை செய்ய வேண்டுமே என்ற கவலைதான் அவனுக்கு. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன். குடித்திருந்தேன் என்று சொல்லலாமா, வீட்டு எல்லைத் தகராறு என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டே போனான்.

சப் இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர். எழுத்தரை எழுதச் சொல்லிவிட்டுக் கேள்வி கேட்டார். அவரைத் தொட்டால் ஆபத்து என்று உனக்குத் தெரியுமா? தெரியும். தெரிந்தும் பிடித்தாயா? பிடித்தேன். கோபத்தில் பிடித்தாயா?

"ஆமா" என்றான் பர்னபாசு.

என்ன கோபம் என்று கேட்டார். அவன் வாயைத் திறந்தான். குடியும் எல்லைத் தகராறும் வரவில்லை. மூன்றரை நிமிடமும் இரண்டரை நிமிடமும் வந்தன. நாலாக மடித்த தாள் வந்தது. நாற்பத்தொரு நிமிடம் கிடந்துவிட்டு வந்து பசிக்கிறது என்று சொன்னதை ஊரே மூன்று வருடம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது வந்தது. நேற்று இரண்டு முழ தூரத்தில் நின்று, என்னை என்ன செய்துவிடுவாய் என்கிற மாதிரி முகத்தைப் பார்த்துப் பாடியது வந்தது. தொட்டுப் பாரு என்று ரொமால்டு சொல்லுகிற அதே வார்த்தை அந்தச் சிரிப்பில் இருந்ததாக அவனுக்குப் பட்டது. ஓரிடத்திலும் தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனான். எழுத்தர் இரண்டு தடவை நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

எழுதியதைப் படித்துக் காட்டினார்கள். திருத்த ஒன்றுமில்லை. கையெழுத்துப் போட்டான்.

பதினெட்டு நாள் உள்ளே இருந்து ஜாமீனில் வந்தான். அதற்குள் ஊர் அவன் வேலையை எளிதாக்கியிருந்தது. அந்தக் கபடியை இருநூறு பேர் பார்த்தார்கள். போலீஸ் விசாரிக்க வந்தபோது இருநூறு பேரும் சண்டை என்றார்கள். பி.டி. மாஸ்டர் புள்ளி எழுதிய தாளைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டார். சந்தியாகுவுக்காகச் சொன்ன பொய்தான். ஆனால் திரும்பத் திரும்பச் சொன்னதில் அது ஊறிவிட்டது. ஆறு மாதம் கழித்து டீக்கடையில், பர்னபாசு அன்றைக்கு வெறி பிடித்த மாதிரி பாய்ந்தான் என்று அவன் காதுபடவே ஒருவன் சொன்னான். அந்த ஆள் வடக்குத் தெரு அணியில் ஆடியவன், சந்தியாகுவின் தொடையைக் கட்டிப்பிடித்தவன்.

சந்தியாகு பிழைத்துக்கொண்டான். சிறுநீரகம் கொஞ்சம்தான் திரும்ப வந்தது. வாரத்துக்கு இரண்டு தடவை கழுவுவது தொடர்ந்தது. தொடை இரண்டும் இளைத்துக் குச்சியாகிவிட்டன. இனி அவனைக் கடலில் இறக்க மாட்டார்கள். ஆனால் கம்பெனி தன் வார்த்தையை மீறவில்லை. வண்டி அனுப்பிக் கூட்டிப்போய், கழுவி, திரும்பக் கொண்டுவந்து விட்டது. மற்றப் பதின்மூன்று பேரும் முன்புபோலவே தூணடிக்குப் போய்வந்தார்கள். ரொமால்டு மட்டும் நெஞ்சைக் காட்டிப் பேசுவதை விட்டுவிட்டான். ஆட்டைப் பற்றிப் பர்னபாசு அந்தப் பதின்மூன்று பேரிடமும் வீடு வீடாகப் போய்ச் சொன்னான். கேட்டுக்கொண்டார்கள். ஊசி ஏறிவிட்டது, இனி என்ன செய்ய என்றார்கள்.

இந்த மாதங்களில் பர்னபாசும் சந்தியாகுவும் சந்திக்கவில்லை. அடித்தவனும் அடிபட்டவனும் பேசிக்கொண்டால் வழக்குக்குக் கெடுதல் என்று வக்கீல் சொல்லியிருந்தார். கித்தேரி மட்டும் இரண்டு வீட்டுக்கும் போய்வந்தாள். இங்கே நடந்ததை அங்கே சொல்லமாட்டாள், அங்கே நடந்ததை இங்கே சொல்லமாட்டாள்.

வழக்கு எட்டாம் மாதம் விசாரணைக்கு வந்தது. கோர்ட் வராந்தாவில் ஒரே ஒரு பெஞ்சுதான் காலியாக இருந்தது. ஒரு ஓரத்தில் சந்தியாகு, மறு ஓரத்தில் பர்னபாசு, நடுவில் கித்தேரி உட்கார்ந்தார்கள். சந்தியாகு ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தான்.

அவன்தான் முதலில் பேசினான். இன்றைக்குக் கூண்டில் ஏறினால் உண்மையைச் சொல்லிவிடப்போவதாகச் சொன்னான். தனக்காக மச்சான் ஜெயிலுக்குப் போவதை இதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஒரு விளையாட்டைச் சண்டை என்று சொல்லி ஊரே பாவத்தைக் கட்டிக்கொண்டது என்றான்.

பர்னபாசு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது பொய் இல்ல மாப்பிள" என்றான். "கோவம் இருந்துச்சு. உன்னை ஒரு தடவையாவது கீழ தள்ளிப் பாக்கணும்னு இருந்துச்சு. ஸ்டேஷன்ல சொல்லும்போதுதான் எனக்கே தெரிஞ்சுது."

சந்தியாகு அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. வராந்தாவில் வக்கீல்கள் போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

"தெரியும்" என்றான். "பிடியிலயே தெரிஞ்சுது. ஆனா, நீ பிடிக்கணும்னுதான் நான் வந்து நின்னேன். ரெண்டு பேரைத் தொட்டாச்சு, திரும்பிப் போயிருக்கலாம். மூணு வருசமா பொண்டாட்டி பிள்ளகூட மேல கை வைக்கல. என்னவோ ஆகும்னு தெரியும். ஆனாலும் யாராவது பிடிச்சாப் போதும்னு இருந்துச்சு. நீ ஒருத்தன்தான் பிடிப்பேன்னு உன் முன்னால வந்து நின்னேன்."

கித்தேரி இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தனிப் பாய் போட்டவள் அவள்தான். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"இதை உள்ள போய்ச் சொல்லிராதிய" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது. "நாளைக்கு உங்களுக்குக் கழுவுத நாள்."

உள்ளேயிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். சந்தியாகு எழுந்திருக்கச் சிரமப்பட்டான். பர்னபாசு அவன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான். வக்கீல் பார்த்துவிட்டுக் கண்ணைக் காட்டினார். கையை எடுத்துக்கொண்டான்.

கூண்டில் சந்தியாகுவிடம் பெயர், வயது, தொழில் கேட்டார்கள். தொழில் முன்பு கடலில், இப்போது இல்லை என்றான். எதிரியை அடையாளம் காட்டச் சொன்னார்கள். காட்டினான். அன்றைக்கு அங்கே திருவிழாக் கபடி நடந்ததாக ஒரு பேச்சு இருக்கிறதே, எதிரி உங்களைப் பிடித்தது விளையாட்டாகவா என்று நீதிபதியே கேட்டார்.

சந்தியாகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கூண்டுக்கு எதிரே நின்ற பர்னபாசை ஒரு தடவை பார்த்தான்.

"விளையாட்டு இல்ல, ஐயா" என்றான். "அவனும் விளையாடல. நானும் விளையாடல."

நீதிபதி அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொன்னார். பர்னபாசுக்கு ஒரு வருடம் கிடைத்தது. கம்பெனி வண்டி மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சந்தியாகு வீட்டு வாசலில் வந்து ஹாரன் அடித்தது.